பதினோராவது வரிசை

ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்பதாம் வருஷத்தைப் பற்றி யாராவது பெரிய மனிதர் எழுதாமலா இருப்பார்? எழுதட்டும். எங்கள் போதகர் போரெலியுஸ் ஐயா வரவழைக்கும் ஸ்டாக்ஹோம் செய்தித்தாளில் அந்த வருஷம் முழுக்கப் பெரிய சங்கதிகள்தான். கடலுக்கு அப்பால் எட்டு வருஷம் அடித்துக்கொண்ட அரசர்கள் சமாதானமாகி வாணவேடிக்கை விட்டார்கள். எங்கள் ராஜாவுக்கு உடம்பு சரியில்லை. படித்த மனிதர் ஒருவர் செடி பறித்து வர அமெரிக்கா வரைக்கும் போயிருக்கிறார். எந்த அரண்மனையில் யார் பிறந்தார், எந்தப் பிரபு கண்ணை மூடினார் என்றெல்லாம் வாரம் தவறாமல் வரும். போதகர் படித்த தாள் எனக்கு வரும், நான் படித்தது என் வீட்டு அடுப்புக்குப் போகும். எனக்கு அந்த வருஷம் என்றால் ஒரே ஒரு தாள்தான்.

நான் எஸ்கில், இந்த ஊர்க் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பாட்டை எடுத்துக் கொடுப்பது, குழி வெட்டுகிறவனை விரட்டி வேலை வாங்குவது, வாசலில் பனி தள்ளுவது எல்லாம் என் பாடு. போதகருக்குக் கை நடுக்கம் வந்ததிலிருந்து எழுத்து வேலையும் என் தலையில் விழுந்தது. ஞானஸ்நானப் புத்தகம், கல்யாணப் புத்தகம், அடக்கப் புத்தகம் மூன்றும் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. கூலி கூட்டித் தரவில்லை, அது வேறு விஷயம்.

செப்டம்பர் மாதம் அந்தத் தாள் வந்தது. கட்டம் கட்டமாக அச்சடித்த பெரிய அட்டவணை. போதகர் அதை மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். புது மாடு வாங்கியவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

“எஸ்கில், இதப் பாரு. நாட்டுல எத்தன பேரு பொறந்தான், எத்தன பேரு எந்த வயசுல எதால செத்தான்னு ராஜ்யம் கேக்குது. ஒவ்வொரு ஊரும் எழுதி அனுப்பணும். உலகத்துல ஒரு நாடும் இதுவரைக்கும் இப்படிக் கேட்டதில்ல.”

“எதுக்காம் ஐயா?”

“செத்தவன எண்ணுனாத்தானப்பா இருக்கறவனக் காப்பாத்தலாம்.”

“நம்ம ஊர்ல செத்தவங்கள எனக்குப் பேர் பேராத் தெரியும். மணி அடிச்சவன் நான்.”

“பேரு வேணாமாம். எண்ணிக்கை போதுமாம்.”

எனக்கு அதுவே பிடிக்கவில்லை. ஆனாலும் குனிந்து படித்தேன். சாவுக்கென்று முப்பத்துமூன்று வரிசைகள். பெரியம்மை, தட்டம்மை, கக்குவான், இழுப்பு, காசம், தண்ணீரில் மூழ்கியவர், இடி விழுந்தவர், குடித்தே செத்தவர், பனியில் விறைத்தவர், காட்டு விலங்கு அடித்தவர் என்று சாவுக்கு இத்தனை வாசலா என்று மலைப்பாக இருந்தது. பதினோராவது வரிசைக்கு வந்ததும் என் விரல் நின்றுவிட்டது. ‘தாயோ செவிலியோ உறக்கத்தில் மேலே புரண்டு மூச்சடைத்து இறந்த குழந்தைகள்’ என்று இருந்தது.

“இதுக்குமா ஐயா ஒரு வரிசை?”

“ஊர் ஊரா நடக்குதாம். காய்ச்சல்னும் இழுப்புன்னும் சொல்லி மறைச்சுடறாங்களாம். இனிமே மறைக்க எடமில்ல பாரு.” போதகர் தாளைத் தடவினார். “வருஷப் பிறப்பு ஆராதனையில பொறப்பு, கல்யாணம், சாவுன்னு மூணு எண்ணிக்கையத்தான் இத்தன வருஷமா வாசிச்சேன். இந்தத் தடவ முப்பத்துமூணையும் வாசிக்கப் போறேன். சனங்க கேக்கட்டும்.”

எனக்கு அந்தக் கணமே மாரெத் ஞாபகம்தான் வந்தது. மாரெத் என் தங்கை. அம்மா சாகும்போது அவளுக்கு ஒன்பது வயது. நான்தான் வளர்த்தேன். ஏரிக்கு அந்தக் கரையில் யோரான் என்பவனுக்குக் கட்டிக் கொடுத்தோம். கல்யாணமாகி ஆறு வருஷம் வயிறு திறக்கவில்லை. அந்த வருஷம்தான் திறந்தது, ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் பிள்ளை மேல் புரண்டுவிட்ட தாய்க்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பிரசங்க மேடைக்கு முன்னால் ஒரு கறுப்பு முக்காலி போடுவார்கள். ஆராதனை முடியும்வரை ஊர் முழுக்கப் பார்க்க அவள் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் சிஸ்லா என்றொருத்தி உட்கார்ந்தாள். அன்றைக்கு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டவன் நான்தான். அவள் இன்றைக்கும் எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் கோயிலுக்குள் வருவாள், கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்து போய்விடுவாள். யாரும் அவளிடம் கைக்குழந்தையைக் கொடுப்பதில்லை.

சனிக்கிழமையே படகை எடுத்துக்கொண்டு ஏரியைக் கடந்தேன். மாரெத் வாசலில் உட்கார்ந்து காட்டுப் பழம் ஆய்ந்துகொண்டிருந்தாள். வயிற்றின் மேலேயே கூடையை வைத்திருந்தாள்.

“என்ன அண்ணே, மூஞ்சி தொங்கிக் கெடக்கு. அண்ணி கஞ்சி ஊத்தலியா?”

“வெளையாடாத. ஒரு விஷயம் சொல்லணும். பிள்ள பொறந்தா ஒன் படுக்கையில போட்டுக்கக் கூடாது.”

“பின்ன எங்க போட? ஒன் மணிக்கூண்டுலயா?”

“தொட்டில்ல போடு.”

“அம்மா நம்ம ரெண்டு பேரையும் பக்கத்துல போட்டுத்தான் வளத்தா. நீ செத்தா போயிட்ட? எரும மாதிரி நிக்கிற.”

“அப்ப அதுக்கு வரிசை கெடயாதுடி. இப்ப இருக்கு.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வரிசையாம், வரிசையாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தாளில் எழுதியிருந்ததை அப்படியே ஒப்பித்தேன். வருஷப் பிறப்பன்று வாசிக்கப் போகிறார்கள் என்றேன். சிஸ்லாவை ஞாபகப்படுத்தினேன். முக்காலியில் உட்கார்ந்தபோது அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பெல்லாம் நனைந்திருந்தது, அதையும் ஊர் பார்த்தது என்று அதுவரை யாரிடமும் சொல்லாததையும் சொன்னேன். மாரெத்தின் சிரிப்பு அடங்கிவிட்டது.

“நான் பொரளவே மாட்டேன் அண்ணே. கட்ட மாதிரி படுப்பேன்.”

“அவளும் அப்படித்தான் நெனச்சிருப்பா. ஒரு நாள் கூட வேணாம். எவ்வளவு அழுதாலும் பால் குடுத்துட்டுத் திரும்பத் தொட்டில்ல போடு. கைய அடி.”

பழச்சாறு ஒட்டிய கையை நீட்டி என் கையில் அடித்தாள். அடுத்த வாரம் என் பிள்ளைகள் கிடந்து வளர்ந்த தொட்டிலையே படகில் ஏற்றிக்கொண்டு போய் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு சில நாள் எனக்கு நல்ல தூக்கம் வந்தது. அந்த வருஷத்தில் நான் நிம்மதியாகத் தூங்கிய கடைசி நாட்கள் அவைதான்.

நவம்பர் பத்தாம் தேதி ஆண் குழந்தை பிறந்தது. எட்டாம் நாள் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். யோன் என்று பெயர் வைத்தோம். புத்தகத்தில் அந்தப் பெயரை எழுதும்போது கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன், போதகர் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. காது இரண்டும் யோரானுடையவை, விடைத்துக்கொண்டு நின்றன. மற்றபடி எங்கள் ஜாடை. பிள்ளை பெற்றவள் ஆறு வாரம் கழித்துத்தான் கோயில் வாசலை மிதிக்க வேண்டும் என்பதால் மாரெத் வரவில்லை. எப்படி அழுதான், தண்ணீர் பட்டதும் என்ன செய்தான் என்று நான் போய் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டியிருந்தது.

டிசம்பர் பிறந்ததும் குளிர் இறங்கியது. ஏரி இரண்டே நாளில் இறுகிவிட்டது. யோரான் வழக்கம்போல் இரும்பாலைக்குக் கரி ஏற்றிக்கொண்டு சறுக்குவண்டியோடு போய்விட்டான். வீட்டில் மாரெத்தும் குழந்தையும் மாமனார் பெங்க்ட்டும்தான். பெங்க்ட் கிழவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது.

பதினான்காம் தேதி காலையில் அந்தக் கரையிலிருந்து ஆள் வந்தது. சின்ன மணியை அடிக்கச் சொன்னது. சின்ன மணி குழந்தைகளுக்கு. யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலேயே கயிற்றைப் பிடித்தேன்.

பனிக்கட்டி மேலேயே ஓடினேன். வீட்டு வாசலில் பக்கத்துப் பண்ணையில் இருக்கும் கார்னா என்பவள் நின்றிருந்தாள். துக்க வீட்டுக்கு எப்போதும் முதலில் வந்து நிற்கிறவள் அவள்தான்.

“கெழவர் வந்து கையக் காலக் காட்டிக் கூப்பிட்டாரு. ஓடி வந்து பாத்தா, படுக்கையில பிள்ளயக் கட்டிப் பிடிச்சிக்கிட்டுக் கெடக்கறா. போர்வைக்குள்ள, நெஞ்சோட நெஞ்சா. நாங்க பிடுங்கித்தான் எடுத்தோம். பிள்ள ஜில்லுனு இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல எஸ்கில், பாத்ததச் சொன்னேன்.”

“பாத்தத எத்தன பேர்கிட்ட சொன்ன?”

அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். அது போதாதா? மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போயிருக்கும்.

உள்ளே மாரெத் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தோளைத் தொட்டேன். அழுகை வந்தது எனக்கு, அதைவிட ஆத்திரம் வந்தது. சொன்னேனே, கையில் அடித்துக் கொடுத்தாயே, ஒரு மாதம் கூடப் பொறுக்க முடியவில்லையா என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். என்ன நடந்தது என்று மட்டும் கேட்கவே இல்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்று பயம். என் தங்கைக்குப் பொய் வராது. சின்ன வயதில் பால் சட்டியை உடைத்துவிட்டு நான் திரும்பி வரும்வரை வாசலிலேயே காத்திருந்து ‘நான்தான் உடைச்சேன்’ என்று சொல்கிற ஜாதி அவள்.

அடக்கப் புத்தகத்தில் போதகர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘யோன், ஐந்து வாரம், காலையில் இறந்து காணப்பட்டது.’ அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை. அப்பாடா என்று இருந்தது. ஆனால் புத்தகத்தில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டுத் தப்பிக்கலாம், அட்டவணையில் தப்பிக்க முடியாது. முப்பத்துமூன்றில் ஏதாவது ஒன்றில் அந்தக் குழந்தையைக் கொண்டுபோய்ப் போட்டே ஆக வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அட்டவணை எழுத உட்கார்ந்தேன். அந்த வருஷம் ஊரில் முப்பத்தொரு சாவு. முப்பது பேரை ஒரே பகலில் எழுதி முடித்துவிட்டேன். முப்பத்தொன்றாவதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி திட்டினாள். கடைசியில் ‘பெயர் தெரியாத குழந்தை நோய்’ என்ற வரிசையில் மூன்று என்று இருந்ததை நான்கு என்று ஆக்கிவிட்டு, மை காய்வதற்குள் தாளைக் கொண்டுபோய்ப் போதகர் மேஜையில் வைத்தேன்.

போதகருக்குக் கைதான் நடுங்கும், கண் நன்றாகத் தெரியும்.

“இது யாரு நாலாவது?”

“எது ஐயா?”

“எஸ்கில்.”

“மாரெத் பிள்ள ஐயா.”

“தெரியாத நோயா? யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. எதால செத்துச்சுன்னு தெரியல. தெரியாததத் தெரியாததுலதான போடணும்?”

“ஊருக்கே தெரியுதே, ஒனக்கு மட்டும் தெரியலியா?”

“ஊரு கார்னா வாயில இருக்கு ஐயா.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் ஒரு பன்றித் தொடையைக் கொடுத்து வாயை அடைத்திருக்கலாம்.

“நீ அவளுக்கு அண்ணன். பேனா ஒங்கிட்ட இருக்கு. நான் ஒன்னயும் நம்பக் கூடாது, கார்னாவயும் நம்பக் கூடாது. மாரெத்துக்கு ஆறு வாரம் முடியுதுல்ல? கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கோயிலுக்குள்ள சேத்துக்கற சடங்குக்கு வரணும். அப்ப நானே கேக்கறேன். பிள்ள எங்க படுத்திருந்துச்சுன்னு ஒரே கேள்விதான். தொட்டில்லன்னா இது இப்படியே இருக்கட்டும். கட்டில்லன்னா பதினொண்ணுக்கு மாத்தணும்.”

“அவ சொல்றத அப்படியே எடுத்துக்குவீங்களா?”

“அவ பொய் சொல்ல மாட்டா. அதுவும் ஊருக்கே தெரியும்.”

மறுநாளே ஏரியைக் கடந்தேன். நடுவில் பனிக்கட்டி உறுமிக்கொண்டே இருந்தது. அது வழக்கமான சத்தம்தான், அன்றைக்கு அதுவும் பயமாக இருந்தது. பண்டிகைக்கு யோரான் வீட்டுக்கு வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் குதிரையைப் பார்க்கிறேன் என்று எழுந்து லாயத்துக்குப் போய்விட்டான். மாரெத் பண்டிகை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை மாவு. மெலிந்து போயிருந்தாள்.

“யோரான் ஒண்ணும் கேக்கலியா?”

“இல்ல. ஒருத்தரும் கேக்கல அண்ணே. எல்லாரும் பாக்கறாங்க, கேக்க மாட்டேங்கறாங்க.”

அதில் நானும் உண்டு என்று உறைத்தது. ஆனாலும் கேட்கவில்லை. போதகர் சொன்னதைச் சொன்னேன்.

“தொட்டில்னு சொல்லிரு. ஒரே வார்த்த. அதுக்கப்பறம் அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு.”

“அந்தத் தாள்ல எத்தன வரிசைன்னு சொன்ன?”

“முப்பத்துமூணு.”

“குளிருக்கு ஒண்ணு இருக்கா?”

“இருக்கு. குடிச்சிட்டு ரோட்டுல விழுந்து வெறச்சுப் போனவனுக்கு. ஒனக்கு எதுக்கு அது? அடுப்பு எரியற வீட்டுல குளிர்ல செத்துச்சுன்னா யாரு நம்புவா? நீ புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்காத. தொட்டில்னு சொல்லு, போதும்.”

“ஆமா. யாரு நம்புவா.”

மாவைத் திருப்பிப் போட்டுப் பிசைந்தாள்.

“அப்ப நான் பொய் சொல்லணும்கற.”

“பொய்தான்டி. அந்தப் பாவம் எனக்கு. நரகத்துக்கு நான் போறேன். நீ அந்த முக்காலியில உக்காரக் கூடாது. அதத் தூக்கிட்டு வந்து போடப் போறவன் நான். என்னால முடியாது மாரெத்.”

அவள் மாவுக் கையோடு என்னைப் பார்த்தாள்.

“பாக்கறேன் அண்ணே” என்றாள்.

அந்தப் ‘பாக்கறேன்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் கிறிஸ்துமஸைக் கடத்தினேன். விடியற்காலை ஆராதனையில் பாட்டை இரண்டு சுருதி உயரத்தில் எடுத்துவிட்டேன், ஊரே கத்த வேண்டியதாயிற்று.

மறுநாள் அவள் வந்தாள். கோயில் வாசலில் மற்ற பெண்களோடு நிற்காமல் தனியாக நின்றாள். போதகர் அவளைப் பக்கத்து அறைக்குள் கூப்பிட்டார். என்னையும் இருக்கச் சொன்னார். அறையில் கணப்பு இல்லை, பேசுகிற ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஆவி வந்தது. நான் அங்கிகள் தொங்கும் பக்கம் ஒதுங்கி நின்று என் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மாரெத், கர்த்தர் முன்னால கேக்கறேம்மா. அன்னிக்கு ராத்திரி பிள்ள எங்க படுத்திருந்துச்சு?”

ஒரு மூச்சு கூடத் தாமதிக்கவில்லை.

“எங்கூட ஐயா. என் படுக்கையில.”

நான் தலையைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. போதகரை நேராகப் பார்த்து நின்றாள், முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

“ராத்திரி பூராவுமா?”

“ராத்திரி பூராவும். கையில வச்சிருந்தேன். இறுக்கி வச்சிருந்தேன்.”

போதகருக்கே கண் கலங்கிவிட்டது. நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் சபை ஒழுங்கு ஒன்று இருக்கிறது என்றார். வருஷம் பிறந்து ஆறாம் நாள் பண்டிகையில் முக்காலி என்றார். அவள் சரி ஐயா என்றாள். அவர் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். நான் அன்று மாலையே நான்கை மூன்றாக்கி, பதினோராவது வரிசையில் ஒன்று என்று எழுதினேன். சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்துவிட்டது.

வருஷப் பிறப்பு. கோயில் நிறைந்திருந்தது. புது அட்டவணையை வாசிக்கப் போகிறார் என்று செய்தி பரவி, எப்போதும் வராதவர்கள் கூட வந்திருந்தார்கள். போதகர் இரண்டு கையாலும் தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். பெரியம்மை, ஒன்பது என்றார். தட்டம்மைக்கு இரண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் எங்கோ ஓரிடத்தில் ஒரு தலை குனிந்தது. பெயர் இல்லாவிட்டால் என்ன, யார் யார் என்று எல்லோருக்கும் தெரியுமே. பத்தாவது வரிசைக்கு ஒன்றுமில்லை என்றார்.

“பதினோராவது. தாயோ செவிலியோ உறக்கத்தில் மேலே புரண்டு மூச்சடைத்து இறந்த குழந்தைகள். ஒன்று.”

பெண்கள் பக்கத்தில் அத்தனை முக்காடும் திரும்பியது. ஒரு இருமல் கூட இல்லை. அந்த அமைதியில் ஆண்கள் பக்கத்திலிருந்து பெங்க்ட் கிழவர் தன் மகனிடம், காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில் கேட்டார்.

“இப்ப என்ன வாசிச்சாரு? எல்லாரும் நம்ம மாரெத்தப் பாக்கறாங்க?”

மாரெத் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சிஸ்லா மட்டும் கடைசி வரிசையில் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் யோரான் தகப்பனை வண்டியில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டான். மாரெத் நடந்தே போகிறேன் என்றாள். நானும் கூட நடந்தேன். பகல் வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஏரியின் பாதி வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“ஒரு வார்த்ததான கேட்டேன். தொட்டில்னு ஒரு வார்த்த. என் பேனாவ நானே வளச்சேன், போதகர்கிட்ட மாட்டிக்கிட்டேன், எல்லாம் யாருக்காக? ஒன் நேர்மைய அன்னிக்கு ஒரு நாள் மட்டும் மூட்ட கட்டி வச்சா என்ன? அப்படி என்னடி பொய் சொல்லவே முடியாத ஒரு நாக்கு?”

“பொய்தான் அண்ணே சொன்னேன்.”

எனக்குப் புரியவில்லை. அவள் நின்றாள். நானும் நின்றேன்.

“அவன் தொட்டில்லதான் கெடந்தான். அஞ்சு வாரமும் தொட்டில்லதான். நீ சொன்னியே. ஒரு நாள் கூட வேணாம்னு சொன்னியே. அன்னிக்கு வெறகெல்லாம் ஈரம், அடுப்பு அணைஞ்சு போச்சு. பால் குடுத்துட்டுத் திரும்பத் தொட்டில்ல போட்டேன். எம் போர்வையையும் அவன் மேலதான் போட்டேன். அழுதான். கைய நீட்டி ஆட்டுனேன். தூக்கலாமான்னு நெனச்சேன். தூக்குனா நான் தூங்கிருவேன், ரொம்ப அசதி. வரிசை, வரிசைன்னு அதுவே மண்டைக்குள்ள ஓடுச்சு. ஆட்டிக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரத்துல அழுக நின்னுச்சு. தூங்கிட்டான்னு சந்தோஷப்பட்டேன் அண்ணே.”

மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“விடிஞ்சு பாத்தா வெறச்சுக் கெடந்தான். அப்பதான் தூக்கி எம் படுக்கையில போட்டு, சட்டைய அவுத்து நெஞ்சுல வச்சிக்கிட்டேன். சூடு ஏறுமான்னு பாத்தேன். ஏறல. அப்படிக் கெடக்கறப்பதான் கார்னா வந்தா.”

அவள் கையைப் பிடித்து வந்த வழியே இழுத்தேன்.

“வா. இப்பவே போதகர்கிட்டப் போவோம். தொட்டில்லதான் கெடந்தான்னு நான் சொல்றேன். நான் சொல்லித்தான் நீ போட்டன்னு சொல்றேன். முக்காலி வேணாம், ஒண்ணும் வேணாம். ஒம் மேல குத்தமே இல்லடி.”

“வேணாம்.”

“பைத்தியமா ஒனக்கு? ஊரு பூரா ஒன்னயப் பிள்ளயக் கொன்னவன்னு சொல்லப் போவுது.”

“கட்டிப் பிடிச்சிக்கிட்டே கொன்னுட்டான்னுதான சொல்லும்?” அவள் கையை உருவிக்கொண்டாள். “சொல்லட்டும். நெஞ்சோட நெஞ்சா வச்சிருந்தான்னு சொல்லட்டும். எனக்கு அதக் கேக்கணும் அண்ணே. அவன் அழுது அழுது ஓஞ்சான்னு எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும். எங்கூடப் படுத்திருந்தான்னு ஒரு எடத்துலயாவது எழுதியிருக்கட்டும். அத நீ அடிக்காத.”

அவள் நடக்க ஆரம்பித்தாள். நான் அங்கேயே நின்றேன். அந்தக் குழந்தையைக் கொன்றது குளிர் இல்லை, தாயும் இல்லை. என் வாய்தான் கொன்றது. ஒரு தாளைப் பார்த்துப் பயந்து, அந்தப் பயத்தை அப்படியே படகில் ஏற்றிக்கொண்டு போய் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தவன் நான். போதகரிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். அவளிடம் மிச்சம் இருந்த ஒன்றும் போயிருக்கும்.

அட்டவணைக்கு இன்னும் இரண்டு பிரதிகள் வேண்டும், ஒன்று பிஷப்புக்கு, ஒன்று ஸ்டாக்ஹோமுக்கு என்று போதகர் சொல்லியிருந்தார். மறுநாள் உட்கார்ந்து எழுதினேன். இரண்டிலும் பதினோராவது வரிசையில் ஒன்று என்றுதான் எழுதினேன்.